லிஃப்ட் வேண்டும் என்பதற்கான காரணங்கள்

ஜனவரி 9

சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பதினோரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசலாமே என்பாய். எனக்கு இடது காது போய்விட்டது, வலது காதில் போனை வைத்தால் இரைகிறது. அது தவிர, போனில் சொன்னதை நாளைக்குச் சொல்லவே இல்லை என்று சாதிக்கலாம். காகிதத்தில் அது நடக்காது.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் வேண்டும். எட்டு வீடு, மூன்று மாடி, அறுபத்திரண்டு படி. பழைய கட்டடங்களைச் சீர்செய்ய வீட்டு வாரியம் உதவி தருகிறதாம். சும்மா கேட்டால் கிடைக்காது. ஏன் வேண்டும், எப்படிச் செய்வீர்கள், எது கெட்டுப்போகலாம் என்று முறைப்படி எழுதிக் கொடுக்க வேண்டும். பதினாறு பக்கப் படிவம். எங்கள் சங்கச் செயலாளர் அதை வாங்கி வந்து ஒரு மாதமாக விசிறிக்கொண்டிருக்கிறார். "இதுக்குன்னே படிச்சவங்க யாராவது இருந்தா தேவலை" என்றார். குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இதையே எழுதி, இதையே அடுக்கி, இதற்காக உறவையும் உதறிவிட்டு ஓடின ஒருத்தி என் கூடப் பிறந்திருக்கிறாள் என்பது ஞாபகம் வந்தது. நான் எதையும் மறப்பதில்லை, உனக்குத் தெரியும்.

எனக்காகக் கேட்கவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். முழங்கால் தேய்ந்து பதினான்கு மாதமாகக் கீழே இறங்கவில்லை. அவருக்காக.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

பதறாதே என்று நீ எழுதியிருந்த வரிக்கு வருவதற்குள் நான் பதறி முடித்துவிட்டேன். நான் நன்றாக இருக்கிறேன். கொஞ்சம் சர்க்கரை உண்டு, மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிறது. ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. வீட்டில் என்னைத் தவிர அடுக்கி வைக்க ஒன்றும் இல்லை. அதனால் உன் படிவம் எனக்குச் சந்தோஷம்தான்.

பதினாறு பக்கம் என்று மலைக்காதே. அது கேட்பது நாலே கேள்வி. ஏன் செய்கிறோம், வேறு வழி உண்டா, எந்தெந்தக் கட்டமாகச் செய்வோம், எங்கே சறுக்கலாம்.

முதல் பக்கம் 'காரணம்'. அதில் லிஃப்ட் என்ற சொல்லே வரக்கூடாது. லிஃப்ட் என்பது விடை. எந்தக் கேள்விக்கு விடை என்பதைத்தான் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். இந்த ஒரு பக்கத்தை ஒழுங்காக எழுதாததால் கெட்டுப்போன திட்டங்களை நான் அலமாரி அலமாரியாக அடுக்கியிருக்கிறேன்.

அடுத்தது வேறு வழிகள். குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அதில் ஒன்று எப்போதும் 'ஒன்றும் செய்யாமல் விடுவது'. அதைவிட நம் வழி மேல் என்று காட்ட வேண்டும்.

கட்டங்களைப் பற்றி ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் முதல் பக்கத்தை எடுத்துப் படித்து, இந்தக் காரணத்துக்கு இந்த வேலை இன்னும் பொருந்துகிறதா என்று கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாம். பாதியில் நிறுத்தியவர்களை எங்கள் அலுவலகத்தில் யாரும் குறை சொன்னதில்லை. வீம்புக்கு இழுத்துக்கொண்டு போனவர்களைத்தான் சொன்னார்கள்.

மூன்றாம் மாடியில் இரண்டே கதவு என்று எனக்கு நினைவு. ஒன்று உன்னுடையது. மற்றதில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு எந்த முழங்கால், வீக்கம் உண்டா என்று மட்டும் எழுது. படிவத்துக்கு வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

மாத்திரையை நேரத்துக்குப் போடு. நம் அம்மாவும் அடங்கிக் கிடக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முழங்காலுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. பதினாறு பக்கமும் பார்த்துவிட்டேன். இருந்தாலும் அந்த அம்மாவைக் கேட்டேன். இரண்டு காலும்தானாம். இடது அதிகமாம். வீக்கம் சாயங்காலத்தில் வருமாம்.

முதல் பக்கத்தை நாலு முறை எழுதினேன். முதல் முறை லிஃப்ட் என்று ஏழு இடத்தில் வந்துவிட்டது. கடைசியில் இப்படி எழுதினேன்: 'மூன்றாம் மாடியில் இருக்கும் ஒருவர் பதினைந்து மாதமாகத் தரையை மிதிக்கவில்லை. அவர் தரையை மிதிக்க வேண்டும்.' மருமகள் அதைத் தட்டச்சு செய்துவிட்டு, "இவ்ளோதானா அத்தை?" என்றாள். இவ்வளவுதான் என்றேன். ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது.

ஒன்றும் செய்யாமல் விடுவது என்று எழுதத்தான் கை வரவில்லை. அதைத்தானே எல்லோரும் பதினைந்து மாதமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு படிவமா? என் மகன் மட்டும், நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று வாராவாரம் கேட்கிறான். உன் அத்தான் அப்படித்தான் கீழே போனார். போனவர் படியேறவில்லை. அந்த அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை.

தரைத்தளத்து வீட்டுக்கு மாறினால் என்ன என்று நீ நினைப்பாய். உன் புத்தி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். கீழே இரண்டு வீடு. ஒன்று செயலாளருடையது, மற்றது தையல்காரருடையது. உன் அத்தானைத் தூக்கின அன்று நாலு ஆள் வேண்டியிருந்தது. மூன்று பேர்தான் இருந்தார்கள். மகன் ஓடிப்போய்த் தையல்காரர் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வாசலை நான் மிதிக்க மாட்டேன். அதனால் மூன்றாவது வழி 'படிக்கட்டை மாற்றிக் கட்டுவது' என்று எழுதி, முடியாது என்றும் நானே எழுதிவிட்டேன்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் ஜன்னலைச் சாத்தி வை.

உன் முதல் பக்கத்தைப் போல ஒன்றை என் வேலைக்காலம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் மேலதிகாரி பார்த்திருந்தால் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்.

வழிகளைப் பற்றி உன்னிடம் வாதாடவில்லை. ஒரு வழியை எடைபோட்டு ஒதுக்குவதும், அதன் பக்கம் திரும்பாமலே இருப்பதும் ஒன்றல்ல என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இனி 'எங்கே சறுக்கலாம்'. இதற்கு முதலில் பழைய பாடங்களை எழுத வேண்டும். கட்டடத்தில் இதற்கு முன் நடந்த வேலைகளில் எது எப்படித் தப்பாகப் போனது என்று ஒரு பட்டியல். மற்ற இடங்களில் இதை எழுத ஆளே கிடைக்காது. நடந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. உங்கள் சங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை.

நோட்டில் மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வோம். நடுப்பத்தியைக் காலியாக விடாதே. எல்லோரும் அதைத்தான் காலியாக விடுவார்கள்.

அந்த அம்மாவைச் சாயங்காலத்தில் காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்துப் படுக்கச் சொல். ஒன்று போதாது.

தங்கை


மார்ச் 22

சின்னவளுக்கு,

சர்க்கரை பார்த்தாயா? எவ்வளவு? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மானம்தான் நன்றாக இல்லை.

நீ சொன்ன மாதிரி கோடு போட்டு உட்கார்ந்தேன். எழுந்தபோது நாற்பத்துமூன்று ஆகியிருந்தது. இருபத்தொன்பது வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். மொட்டை மாடித் தொட்டி மூன்று வாரத்தில் முடியும் என்று செயலாளர் சொல்லி ஐந்து மாதம் ஆனது, அத்தனை நாளும் நான் குடம் தூக்கினது. பெயிண்ட் அடித்தவர்கள் என் சமையலறை ஜன்னலைத் திறக்க முடியாமல் ஒட்டிவிட்டுப் போனது. இப்படிப் பன்னிரண்டு வரை கட்டட வேலை. அதற்கு மேல் கை நிற்கவில்லை. செயலாளர் வீட்டம்மா என் எவர்சில்வர் பாத்திரத்தை வாங்கிப்போய், ஒடுக்கு விழுந்ததைத் திருப்பித் தந்து, வாங்கும்போதே அப்படி இருந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது பத்தொன்பது. தையல்காரர் கதவு இருபத்தேழு. எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. 'இனி என்ன செய்வோம்' என்ற இடத்தில் 'நம்ப மாட்டோம்' என்று நாற்பத்துமூன்று முறை எழுதினேன். நடுப்பத்தி காலி. மற்றவர் ஏன் செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மருமகள் கிளினிக்கில் நர்ஸ் வேலை முடிந்து களைத்து வந்து, அத்தனையையும் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டாள். எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 'உறுப்பினர் முன்னிலையில் வாசிக்கப்பட்டது' என்று படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. செயலாளர் படிவத்தில் இருப்பதை வரி பிசகாமல் செய்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒன்றிலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

கூட்டம் கீழே நடையில். நான் மேலே படிக்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் படிக்கட்டு கிணறு மாதிரி, அடியில் பேசுவது அப்படியே மேலே வரும். பத்தொன்பதில் செயலாளர் குரல் இறங்கியது. "இது... எங்க வீட்டைப் பத்தி" என்றார். இரண்டாம் மாடி வாத்தியார், "எங்களதெல்லாம் படிச்சீங்கள்ல சார், படிங்க" என்றார். ஒரே சிரிப்பு. இருபத்தேழு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அரைமணி கழித்துத் தையல்காரர் மேலே வந்தார். கதவுக்கு வெளியேயே நின்றார்.

"பெரியம்மா, இருபத்தேழு என்னோடதுதானே?"

"ஆமா."

"நடுவுல காலியா இருக்குன்னு சார் சொன்னாரு. நிரப்பிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவரே சொன்னார். "அன்னைக்குக் காலையில எங்களுக்கு மூத்தது பொறந்துச்சு. அன்னைக்கே போயிருச்சு. நாங்க ஆஸ்பத்திரியில இருந்தோம். வெளக்கை அணைக்காமப் போயிட்டோம். திரும்பி வந்தா நீங்க துக்கத்துல இருக்கீங்க. அதுல போய் எங்களதை எப்படிச் சொல்றது?"

நோட்டை அவர் கையில் கொடுத்தேன். அவரே எழுதினார். தையல் போட்ட மாதிரி நேரான எழுத்து.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் ஏறி வந்து நடுப்பத்தியை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். செயலாளர் தொட்டியைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினார். அவர் வீட்டம்மா ஒன்றும் எழுதாமல் ஒரு புதுப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனாள். பழையதைவிடச் சின்னது. அதை நான் எங்கும் எழுதவில்லை.

நாற்பத்துநாலு என்று ஒன்று இருந்தது. அதைத் தட்டச்சுக்குக் கொடுக்கவில்லை. அக்காள் புருஷன் செத்த வீட்டுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்று மறுநாள் காலை ஆறே கால் பஸ்ஸில் போனவளைப் பற்றியது. அதற்கும் நடுப்பத்தி காலிதான்.

அக்கா


ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

கடிதம் இல்லை. உடம்பு சரியில்லையா, கோபமா? கோபம் என்றால் சரி. உடம்பு என்றால் பக்கத்து வீட்டில் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்.

வாரியத்தில் முதல் பக்கத்தைப் படித்த அதிகாரி சிரிக்கவில்லையாம். முதல் கட்டத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது. அடுத்த வாரம் இஞ்சினியர் வந்து சுவர், அஸ்திவாரம் எல்லாம் பார்க்கிறார். என் நாற்பத்துமூன்றில் சம்பந்தமில்லாததை எடுத்துவிட்டுப் பதினொன்றை வைத்துக்கொண்டார்கள். பாத்திரத்தை எடுத்துவிட்டார்கள்.

நீ எப்படி இருக்கிறாய் என்று அந்த அம்மா கேட்கச் சொன்னார்.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபமும் இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அவ்வளவுதான். மற்றவர்கள் நடுப்பத்தியைக் காலியாக விட்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவள் நான். நாற்பத்துநாலை நிரப்புகிறேன்.

ரிப்போர்ட் அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே போய்விட்டது. அன்று எனக்கு அலுவலகத்தில் ஒரு வேலையும் இல்லை.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து நீ எல்லோருக்கும் டீ போட்டாய். டம்ளர்களை வரிசையாக வைத்தாய். அத்தானுடைய பச்சைக் கோடு போட்ட டம்ளரையும் வைத்து அதிலும் ஊற்றினாய். ஆறிவிடும் என்று அதன்மேல் ஒரு தட்டை மூடினாய். அடுப்படியில் ஆறு பேர் நின்றோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீ அழுதிருந்தால் உன்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாய். தட்டை நீ திறந்து பார்க்கும் நேரத்தில் அங்கே நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. பையை எடுத்தேன். வாயில் வந்தது ரிப்போர்ட்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் எழுத நினைத்தேன். முதலில் பொய்யை எழுத வேண்டும், இல்லாவிட்டால் உண்மையை எழுத வேண்டும். இரண்டுக்கும் கை வரவில்லை.

இனி என்ன செய்வோம் என்ற பத்தி உன்னுடையது. அதை நான் நிரப்பக் கூடாது.

இஞ்சினியர் என்ன சொன்னார் என்று எழுது. தலையணை இரண்டு வைக்கிறாயா?

தங்கை


ஜூன் 3

சின்னவளுக்கு,

வைக்கிறேன். வீக்கம் கொஞ்சம் குறைவு.

அந்த டம்ளர் எனக்கு ஞாபகம் இல்லை. அன்று நீ கட்டியிருந்த புடவை ஞாபகம் இருக்கிறது. அலமாரியில் நீ விட்டுப்போன சீப்பு ஞாபகம் இருக்கிறது. டீ போட்டது இல்லை. மருமகளைக் கேட்டேன். சட்டையை மடித்துக்கொண்டிருந்தவள் மடித்ததை மறுபடி பிரித்தாள். பிறகு, "ஆமா அத்தை. ஒரு வாரம் ஊத்துனீங்க. நான்தான் எடுத்துக் கொட்டுவேன்" என்றாள். ஒரு வாரம். இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது, அதை நடத்தினதும் நான்தான். உன் நாற்பத்துநாலில் 'நம்ப மாட்டோம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. அவசரப்படுத்தாதே.

மூன்றாம் மாடி அம்மா நான்தான். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நானே எழுதினதாக இருக்கட்டும்.

இஞ்சினியர் சொன்னது இது. முன்பக்கச் சுவர் தாங்காது. பின்பக்கம் மட்டும்தான் இடம். அங்கே லிஃப்டுக்குக் கூண்டு கட்டினால் தையல்காரர் அறை ஜன்னல் முழுதாக அடைபடும். அந்த வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் வருவது அந்த ஒரு ஜன்னலில்தான். ஏற்கெனவே சுவரெல்லாம் ஈரம், அவருடைய சின்னப் பெண்ணுக்கு எந்நேரமும் இருமல். செயலாளர் தயங்கிக்கொண்டே கேட்டாராம். தையல்காரர், "பெரியம்மா எறங்கி வரட்டும் சார். நாங்க லைட்டைப் போட்டுக்குறோம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கையெழுத்துப் போட்ட காகிதம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. முதல் கட்டம் முடிந்தது, கேட்டவர் என்ற முறையில் நான் ஒப்பமிட்டால் இரண்டாம் கட்டம். ஒரு வாரமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஆறு மாதமாக நினைத்தது கைக்கு வந்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் சாகிற வரை இந்த ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நீ என்ன சொல்கிறாய்?

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். சர்க்கரை நூற்றுநாற்பது, கேட்டாயே.

நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கட்டம் முடிந்தால் முதல் பக்கத்தை எடுத்துப் படிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எழுதினவள் நீ. இரண்டு வரிதான். மெதுவாகப் படி.

தங்கை


ஜூலை 19

சின்னவளுக்கு,

நலம். உண்மையாகவே நலம். நீயும் அப்படி இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று முதல் பக்கத்தைப் படித்தேன். அதில் லிஃப்ட் இல்லை. தரைதான் இருக்கிறது. நானே எழுதி, நானே மறந்திருக்கிறேன். செயலாளரை வரச்சொல்லி, மூன்றாவது வழியை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும் என்றேன். தையல்காரர் குடும்பம் மேலே வருவது, நாங்கள் கீழே போவது. அவர் கடைக்குத் தைத்துக் கொடுப்பவர், அவரைத் தேடிப் படியேறி வர வாடிக்கையாளர் கிடையாது. மேலே காற்றும் வெளிச்சமும் கொட்டிக் கிடக்கிறது. எனக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை, மகன் சுவரைச் சுரண்டிப் புதுப்பூச்சு பூசிவிட்டான். ஒரு வருடம் இருந்து பார்ப்பது, இரண்டு வீட்டுக்கும் பிடித்தால் பிறகு பதிவு செய்வது என்று எழுதிக்கொண்டோம்.

லிஃப்ட் போனதில் செயலாளருக்கு முகம் விழுந்துவிட்டது. திட்டம் நின்றுபோச்சே என்று வாரியத்தில் திட்டுவார்கள் என்று பயந்தார். பாதியில் நிறுத்தியவர்களை உன் அலுவலகத்தில் யாரும் குறை சொன்னதில்லை என்பதை எடுத்துச் சொன்னேன். அவரும் அப்படியே எழுதி அனுப்பினார். அந்த அதிகாரி, படிக்கட்டு விளக்குக்கும் மாடிப்படித் திருப்பங்களில் உட்காரப் பலகைக்கும் தனியாக ஒப்புதல் கொடுத்துவிட்டார். இரண்டாம் மாடி வாத்தியாருக்கு அதில் ஏக சந்தோஷம்.

தையல்காரரிடம் நானே சொன்னேன். "என் பொண்ணுக்காகவா பெரியம்மா?" என்றார். எனக்காக என்றேன். அதுதான் நிஜம்.

இறங்க வேண்டியிருந்தது. அறுபத்திரண்டு படி. நாற்காலிதான். உனக்குச் சொன்னால் என்ன, உன் அத்தானை நினைத்துக்கொண்டேதான் அதில் உட்கார்ந்தேன். மகன் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம், செயலாளர் வயதுக்கு மீறி ஒரு பக்கம். முன்னால் தையல்காரர் பிடித்தார். கீழே இருப்பவர் கையில்தான் பாரமெல்லாம் விழும். ஒவ்வொரு படிக்கும், "இன்னும் ஒண்ணு பெரியம்மா" என்றார். அறுபத்திரண்டு முறை சொன்னார். கடைசிப் படியில் நாற்காலியை வைத்ததும் வாசலைத் தாண்டி அப்படியே நடந்தேன். மருமகள் கூட வந்தாள். தெருவில் ஒன்றுமில்லை, ஒரு நாய், இரண்டு சைக்கிள். பஸ் நிறுத்தம் வரை போய் அங்கே உட்கார்ந்தேன். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. மூன்று பஸ் போனது. நாலாவது பஸ் கண்டக்டர், "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். உன் ஊர்ப் பெயர் வாயில் வந்துவிட்டது. வியாழக்கிழமைதான் நேர் பஸ் உண்டு என்றார்.

உன் பத்தியில் எழுதிவிட்டேன். 'இனி என்ன செய்வோம்: நேரில் போய்க் கேட்போம்.' ஆகஸ்ட் முதல் வியாழக்கிழமை.

உன் வாசலில் படி உண்டா? எத்தனை?

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு.

கடிதம் வந்தபோது நின்றுகொண்டிருந்தேன். படித்து முடித்தபோது உட்கார்ந்திருந்தேன். வேறு சுகத்துக்குக் குறைவில்லை.

படிக்குப் பக்கத்தில் கைப்பிடி போடத் தச்சரை வரச்சொன்னேன். எந்த உயரத்தில் வைக்கட்டும் என்று கேட்டார். அக்கா என்னைவிட உயரம் என்று சொல்லி, என் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினேன். அவர் பென்சிலால் கோடு போட்டார். போட்டுவிட்டு, "கடைசியா எப்பம்மா பாத்தீங்க?" என்றார். பதினோரு வருடம் என்றேன். கோட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "கொஞ்சம் கொறஞ்சிருப்பாங்கம்மா" என்றார்.

அதனால் முடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கைப்பிடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. பஸ் மூன்றரைக்கு வரும். தச்சரை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறு. ஏறி நின்று, உனக்கு எங்கே வசதியோ அங்கே சுவரில் கையை வை. புதுக் கோடு அங்கே போடுவோம்.

தங்கை